தண்ணீரே காணாத படகு மோட்டார்

திருத்தும் தொழிலில் பழுதான சாமானைக்கூடச் சமாளித்துவிடலாம், அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கைக்கடிகாரம், தையல் மெஷின், கிரைண்டர், கம்ப்யூட்டர் என்று நீங்கள் எதைத் திருத்துகிறவராக இருந்தாலும் இந்த வரியைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். தாராளமாக விடுங்கள். நான் விடாத பெருமூச்சா?

எனக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கராஜ். த்ரீவீல், புல்லு வெட்டும் மெஷின், தண்ணீர் பம்ப், இவைதான் அன்றாடச் சோறு. ஒரு காலத்தில் ஆற்றில் மணல் அள்ளுகிற ஒருவரின் படகு மோட்டாரைப் பாவம் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது. அன்றிலிருந்து கண்டியைச் சுற்றி எவரிடம் பழைய படகு மோட்டார் இருந்தாலும் அது என் வாசலில்தான் வந்து இறங்குகிறது. கடலே இல்லாத மலையூரில் இத்தனை படகு மோட்டார் எங்கே இருந்து முளைக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குண்டசாலையிலிருந்து ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்து, இதை வைத்து மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். "அப்ப எதுக்குத்தான் இதச் செஞ்சு வச்சிருக்காங்க?" என்று என்னைக் கோபித்துக்கொண்டு போனார்.

அவராவது போய்விட்டார். கெலிஓயா நிசார் ஹாஜியார் போகவில்லை. நான் சொல்ல வந்தது அவர் கொண்டுவந்த மோட்டாரைப் பற்றி.

சின்ன வேலை

ஹாஜியாருக்குக் கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை. அதோடு பள்ளிவாசலின் வெள்ள நிவாரணக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஒருநாள் காலையில் மோட்டாரைப் பழைய தொழுகைப் பாயில் சுற்றி, சின்ன லொறியில் கொண்டுவந்து இறக்கினார். கூடவே கமிட்டியில் பாதிப்பேர். "சின்ன வேலதான் பாஸ்" என்றார். இந்தத் தொழிலில் சின்ன வேலை என்று ஆரம்பித்தது எதுவும் சின்னதாக முடிந்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். கெலிஓயாவில் ஆற்றோரமாகக் கீழ் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. மகாவலி பொங்கினால் முதலில் மூழ்குவது அதுதான். முன்பொரு வெள்ளத்துக்குப் பிறகு ஊர் கூடிப் பேசி, ஒரு ஃபைபர் படகையும், நீர்கொழும்பு மீனவர் ஒருவரிடமிருந்து இந்தப் பழைய இரண்டு சிலிண்டர் மோட்டாரையும் வாங்கி வைத்தார்கள். போன வருஷம் வெள்ளம் வந்தது. மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார்தான் அதன் கயிற்றை இழுப்பவர். இழுத்து இழுத்து அவருடைய தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். பிறகு கந்தூரிச் சோறு கிண்டுகிற நீளமான அகப்பைகளைத் துடுப்பாக்கிப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரின் இழுப்பில் படகு நகரவே இல்லை.

கீழ் ரோட்டில்தான் ஹாஜியாரின் ராத்தா, அதாவது அக்காவின் வீடு. அவருடைய கணவர் வாதம் வந்து நடக்க முடியாதவர். கடைசியில் வாசற்கதவைக் கழற்றி, அதில் அந்த மனிதரைப் படுக்கவைத்து, கழுத்தளவு தண்ணீரில் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஒருவர் கால் சறுக்கியிருந்தால் அவ்வளவுதான். இந்த மழைக்காலத்துக்குள் மோட்டார் தயாராக வேண்டும் என்று சொல்லும்போது ஹாஜியாரின் குரல் இறங்கிவிட்டது. சரி, வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். போகும்போது மோட்டாரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "புள்ள மாதிரி பாத்த மோட்டார் பாஸ் இது. அந்த வெள்ளத்தன்டு தவிர ஒரு நாளும் தண்ணியில போட்டதே இல்ல."

எண்ணெய் வைத்தியம்

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு நெருக்கிப் பிடிக்கிறது என்பதுதான் கொம்ப்ரஷன். அது குறைந்தால் எஞ்சினுக்கு உயிர் குறையும். ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜைப் பூட்டி, கயிற்றை இழுத்தால் முள் சொல்லிவிடும். ஹாஜியார் அடுத்த முறை வந்தபோது அவர் கண் முன்னாலேயே பார்த்தேன். கீழ் சிலிண்டரில் முள் ஜோராக ஏறியது. மேல் சிலிண்டரில் பாதி வழிக்கு வந்து, அதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றுகொண்டது.

அடுத்து அந்த மேல் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரும்ப இழுத்தேன். இது எங்கள் தொழிலில் பழைய சோதனை. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருந்தால், எண்ணெய் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், முள் ஏறும். ஏறியது. நோய் பிடிபட்டுவிட்டது. எஞ்சினை முழுதாகப் பிரிக்கவேண்டும், சிலிண்டர் சுவரைப் பார்க்கவேண்டும், பிஸ்டனும் ரிங்கும் மாற்றவேண்டி வரும் என்று நான் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஹாஜியார் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது: "எண்ணெ விட்டா ஏறுதெண்டா, எண்ணெய விட்டே தந்துடுங்களேன் பாஸ். நாங்க ஒரு போத்தல் கூட வெச்சிக்கிறோம்."

சுற்றி நின்ற சபை

சிலிண்டரை மூடியிருக்கிற ஹெட்டைக் கழற்றினால்தான் உள்ளே பார்க்கலாம். ஹெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த போல்ட் எல்லாம் நீர்கொழும்புக் கடல் உப்பில் ஊறி, அலுமினியத்தோடு அலுமினியமாக இறுகிப்போயிருந்தன. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அதைச் சொன்னவர் உப்புப் பிடித்த போல்ட்டைக் கண்டிருக்கமாட்டார்.

இந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் என் கராஜுக்கு ஆள் சேரும். கட்டுகஸ்தோட்டையில் வேலை இல்லாதவர்கள் எல்லாரும் அன்றைக்கு என் வாசலில் இருந்தார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் விடச் சொன்னார். ஒருவர் சோடா. இன்னொருவர் புளிக்கிற தேசிக்காயும் உப்பும் என்றார். உப்பால்தான் இத்தனை பாடு என்று கத்தவேண்டும் போல இருந்தது. நான் மெதுவாகச் சூடு காட்டி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசி போல்ட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உடம்பு உள்ளேயே இருந்துவிட்டது. இனி அதைத் துளைத்து எடுக்க ஒரு முழு நாள் போகும். பக்கத்து ஸ்டாண்டின் த்ரீவீல்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "கவலப்படாதீங்க பாஸ், அதத்தான் இனிக் கழட்ட வேண்டியதில்லயே."

கதவு

அதற்குள் ஹாஜியாரின் ராத்தாவுக்கு என் நம்பர் கிடைத்துவிட்டது. ஹாஜரா என்று பெயர். வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், போன் கோல் வந்துவிடும். "தம்பி, மோட்டார் என்ன சொல்லுது?" என்பார், ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளை விசாரிப்பது போல. உடைந்த போல்ட்டைத் துளைக்கிறேன் என்றால், "அது முக்கியமான சாமானா?" என்பார். எல்லாம் முக்கியமான சாமான்தான் என்றால், "அப்ப ஏன் தம்பி ஒடச்சீங்க?" என்பார்.

எனக்குச் சில நாள் எரிச்சல் தாங்காது. கை முழுக்க கிரீஸ், காதுக்கும் தோளுக்கும் இடையில் போன், அந்தப் பக்கம் ராத்தா. ஒருநாள் வாய் தவறி, "அவசரப்படாதீங்க ராத்தா, மழைக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். போனில் பின்னால் அவருடைய கணவர் இருமுவது கேட்டது. பிறகு கோபமில்லாமல், அழுகையும் இல்லாமல் சொன்னார்: "போன மொற இவரக் கதவுல வெச்சித்தானே கொண்டு போன தம்பி. அந்தக் கதவத் திரும்ப வாசல்ல போட்டு நல்லா இறுக்கியாச்சி. இந்த மொற அதக் கழட்டவும் ஏலாது."

முதலில் எது

ஹெட் வந்தது. மேல் சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல். பிஸ்டனில் ரிங் இரண்டும் கருகி, தன் இடத்திலேயே ஒட்டிப்போயிருந்தன. கீழ் சிலிண்டர் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரே எஞ்சின், ஒரே பெட்ரோல், ஒரே எண்ணெய், மேலே மட்டும் ஏன் இந்தக் கேடு என்று தலையைச் சொறிந்தேன். நீர்கொழும்பு மீனவரைத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

சிலிண்டரை லேத்தில் போட்டுக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். லேத் எங்கள் ரோட்டிலேயே இருக்கிற விமலுடையது. நல்ல வேலைக்காரர், பிடிவாதக்காரர். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் சிலிண்டரைத் தொடமாட்டேன் என்றார். கொழும்பில் பழைய சாமான் கடைக்குக் கோல் எடுத்தேன். அந்த முதலாளி, சிலிண்டரைக் கடைந்து முடித்து அளவு சொன்னால்தான் பிஸ்டன் தேடுவேன் என்றார். நான் விமலிடம் வந்தேன். விமல் என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பு என்னை விமலிடம் அனுப்பியது. நடுவில் ராத்தாவின் கோல். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியை மகாவலியில் எறியலாமா என்றுகூட யோசித்தேன்.

கடைசியில், முதலாளி சொல்வதை நம்பி இப்போதே கடைந்துவிடு, பிஸ்டன் நாளைக்கு பஸ்ஸில் வருகிறதாம் என்று விமலிடம் கெஞ்சினேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: "செல்வா, ஓட்டையப் பெரிசாக்கிற மெஷின்தான் நம்மகிட்ட இருக்கு. பெரிசானதச் சின்னதாக்கிற மெஷின் யாருகிட்டயும் இல்ல மச்சாங்."

நாளைக்கு என்ற பிஸ்டன் இரண்டு வாரம் கழித்து வந்தது. சொன்ன அளவில் இல்லை, அதற்கடுத்த அளவில். விமல் அந்த அளவுக்கே சிலிண்டரைக் கடைந்து தந்தார், என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை மன்னித்துவிட்டேன்.

வாக்கு

எல்லாவற்றையும் பூட்டும்போது, அடிப்பாகத்தில் தண்ணீர் பம்பைத் திறந்து பார்த்தேன். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைக்கிற ரப்பர் விசிறி ஒன்று அதற்குள் இருக்கும். அது அடிப்பிடித்த பால் மாதிரி கருகி, இதழெல்லாம் உதிர்ந்து கிடந்தது. பழசு, கடல் மணலைத் தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு புதிது போட்டேன். பிறகு பெரல் என்று நாங்கள் சொல்கிற பெரிய நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டி இழுத்தேன். இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. கேஜில் இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. புதிதாகக் கடைந்த சிலிண்டரும் புது ரிங்கும் ஒன்றோடொன்று பழகும்வரை எஞ்சினை விரட்டக்கூடாது. அதற்குப் பெயர்தான் ரன்னிங் இன். என்னிடம் எஞ்சின் செய்துகொண்டு போன த்ரீவீல்காரர் ஒருவராவது அதை மதித்ததில்லை. காலையில் வண்டியை எடுத்து, மாலையில் குடும்பத்தோடு நுவரெலியா ஏறுவார்கள். அடுத்த வாரம் என் வாசலில் புகையோடு நிற்பார்கள். ஹாஜியாரையும் அப்படி விட முடியுமா? மோட்டாரை எடுத்துப்போக வந்தவரை இருத்தி, பிளேன்டீ கொடுத்து, முதல் பத்து மணித்தியாலம் வேகம் கூட்டும் பிடியைப் பாதிக்கு மேல் முறுக்கக்கூடாது என்று சொன்னேன். திரும்பவும் சொன்னேன். மோதினாரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்காத ஆட்கள் என்று மனதில் நினைத்துக்கொண்டு, கொஞ்சம் அதட்டியே சொன்னேன். ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "வல்லாஹி பாஸ், வாக்குத் தாரேன். பத்து மணித்தியாலம் முடியும் மட்டும் பாதிக்கு மேல ஒரு நூலும் முறுக்க மாட்டோம்."

ஜும்ஆவுக்குப் பிறகு

பெட்ரோல் டியூபின் தேய்ந்த முனைக்கு மாற்று ஒன்று கொழும்பிலிருந்து பிந்தித்தான் வந்தது. அதைப் பூட்டுவதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கெலிஓயாவுக்குப் போனேன். ஜும்ஆ தொழுகை முடியும் நேரம், வெளியே மரத்தடியில் நின்றேன். தொழுதுவிட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசலின் பின்பக்கம் போனார்கள். சின்னவர், பெரியவர் எல்லாரும். நானும் பின்னால் போனேன்.

பின்னால் ஒரு தகரக் கொட்டில். நடுவில் மரச் சட்டத்தில் என் மோட்டார், கீழே காய்ந்த சீமெந்துத் தரை. மௌலவி கையேந்தி ஒரு சின்ன துஆ ஓதினார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். மோதினார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. "மாஷா அல்லாஹ்!" என்று கூட்டம் முழுக்கச் சந்தோஷம். நான் செருப்பை விட்டுவிட்டு, யார் காலை மிதிக்கிறேன் என்றும் பாராமல் பாய்ந்து போய் மோட்டாரை நிறுத்தினேன். நல்லவேளை, சூடேறுமுன் பிடித்துவிட்டேன்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. மோட்டார் வாங்கிய நாளிலிருந்து, வெள்ளம் வந்தால் தயாராக இருக்கவேண்டும் என்று, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஐந்து நிமிஷம் இப்படி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மழை பெய்தாலும் நோன்பென்றாலும் விட்டதில்லை. ரப்பர் விசிறி கருகியது இதனால். குளிரவைக்கத் தண்ணீர் இல்லாமல் வெந்து, சூடு மேலே ஏறி, மேல் சிலிண்டர் கீறிப்போனது இதனால். நான் பாவம் அந்த நீர்கொழும்பு மீனவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊரே சேர்ந்து பக்தியோடு அந்த மோட்டாரை வாரா வாரம் வறுத்தெடுத்திருக்கிறது. மீன்குஞ்சுக்கு நீந்தச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மோதினார் மட்டும் மெதுவாக வாயைத் திறந்தார்: "தண்ணியில போட்டு ஓட்டணுமெண்டு ஒருத்தரும் செல்லல்லயே பாஸ். நீங்க பெரல்ல போட்டது கழுவுறதுக்கெண்டுதானே நாங்க நெனச்ச."

ஹவுல்

சரி, வெள்ளிக்கிழமை ஓட்டுவதை விடமாட்டார்கள். அது தெரிந்துவிட்டது. ஓட்டுவது நல்லதும்தான், தண்ணீரில் வைத்து ஓட்டினால். தண்ணீர் எங்கே என்று கமிட்டி அந்த இடத்திலேயே கூடியது. ஆற்றுக்குக் கொண்டுபோனால் சுமக்க ஆள் வேண்டும் என்றார் ஒருவர். அப்போது எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. தொழுகைக்கு முன் வுழூ என்று கைகால் கழுவுகிற தொட்டி, ஹவுல் என்பார்கள், நிறையத் தண்ணீரோடு நீளமாக, விளிம்போடு, மோட்டார் மாட்டுவதற்கென்றே கட்டியது போலக் கிடந்தது. ஒருவர் எழுந்து போய் அளவுகூடப் பார்த்தார்.

இது என் விவகாரம் இல்லை. ஆனால் எண்ணெய் கலந்த பெட்ரோல் புகை அந்தத் தண்ணீரில் எப்படிப் படியும் என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, மௌலவி அங்கேயே இருந்தார். இளம் வயது, அமைதியான ஆள். எழுந்துவந்து ஹவுலுக்கும் கமிட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டார். "நிசார் ஹாஜியார், ஒங்கட கடையில ஒரு பெரல் எடுங்க. மோட்டாருக்கு வுழூ கடமையில்ல."

பாதி முறுக்கு

மழை வந்தது. பகலும் இரவும் விடாத மழை. ஒரு விடியலில் ராத்தாவின் கோல். "தம்பி, தண்ணி வாசல் கேட்டுக்கு வந்துட்டு" என்றார், அவ்வளவுதான். நான் ஏன் போனேன் என்று மனைவி இன்றும் கேட்கிறாள். நான் கை வைத்த எஞ்சின், வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னால் இருக்க முடியவில்லை. த்ரீவீல் போன மட்டும் போய், மீதித் தூரம் நடந்து கெலிஓயா சேர்ந்தேன். கீழ் ரோடு ஆறாகிவிட்டிருந்தது. படகில் ஹாஜியாரும் மோதினாரும். "ஏறுங்க பாஸ்!" என்றார் ஹாஜியார். ஏறிவிட்டேன். இத்தனை படகு மோட்டார் திருத்திய நான் படகில் ஏறியது அதுதான் முதல் தடவை. எனக்கு நீச்சலும் தெரியாது.

முதல் இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த பெருமை கொஞ்ச நேரம்தான். தெருவின் முனையில், பக்கத்து ஓடை வந்து சேர்கிற இடத்தில் தண்ணீரின் இழுப்பு பலமாக இருந்தது. அங்கே படகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ராத்தாவின் வீடு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. ஜன்னலுக்குள்ளே மேசைமேல் கட்டில், கட்டில்மேல் அவருடைய கணவர். படகு மெல்லப் பக்கவாட்டில் சரிந்து, கரண்ட் தூண் ஒன்றை நோக்கிப் போகத் தொடங்கியது. மோதினார் கந்தூரி அகப்பையால் தூணைத் தள்ளிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். ஹாஜியாரின் கை மோட்டாரின் பிடியில், சரியாகப் பாதி முறுக்கில், ஆடாமல் அசையாமல் இருந்தது.

"முழுசா முறுக்குங்க ஹாஜியார்!" என்று கத்தினேன். "பத்து மணித்தியாலம் ஆகல்லயே பாஸ்!" என்று அவர் திருப்பிக் கத்தினார். "வெள்ளிக்கு அஞ்சு நிமிஷமெண்டா இன்னும் ரெண்டு வருஷம் ஈக்கி! வாக்குத் தந்தது நானில்லயா?" ஆயுசில் என் பேச்சைக் கேட்ட ஒரே வாடிக்கையாளர், கேட்பதற்கு எடுத்த நேரத்தைப் பாருங்கள்! "எஞ்சின் எரிஞ்சா நான் திரும்பச் செஞ்சு தாரேன், சும்மா தாரேன், முறுக்குங்கய்யா!" என்று அலறிக்கொண்டு அவர் கைமேல் என் கையை வைத்து முறுக்கினேன். மோட்டார் ஒரு கணம் திக்கியது. பிறகு இரண்டு சிலிண்டரும் ஒரே குரலில் முழங்க, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு இழுப்பைக் கடந்தது.

வாசற்படியில் படகை நிறுத்தினோம். அந்த மனிதரை மெத்தையோடு தூக்கிவந்து படகில் படுக்கவைத்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. தூரத்துப் பாலத்தில் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, ராத்தா மட்டும் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வாசலில் நின்று எதையோ செய்துகொண்டிருந்தார். "ராத்தா, வாங்க!" என்று நாங்கள் மூவரும் கத்தினோம். நிதானமாக வந்து ஏறி, கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சாவியை முந்தானையில் முடிந்தார். நான் வாய் பிளந்து அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி பாக்குறீங்க? இந்த மொற கதவு வாசல்ல ஈக்கிதானே, பூட்டாம வர ஏலுமா?"

யாருமே சொல்லாததைச் செய்து மோட்டாரைக் கெடுத்தவர்கள், நான் சொன்னதை அப்படியே செய்து என்னைத் தண்ணீரில் மூழ்கடிக்கப் பார்த்தார்கள் என்பதால், திருத்தும் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி, வாடிக்கையாளருக்கு எதையும் அழுத்திச் சொல்வதற்கு முன் நீச்சல் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான்.